சிவப்புப் பொத்தானின் கம்பி ஏன் எப்போதும் இணைந்தே இருக்கிறது, தெரியுமா?

சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன அப்பல்லோ கணினியின் வேலை நினைவகம் எவ்வளவு தெரியுமா? சுமார் 4 கிலோபைட். இன்றைக்கு அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தில் ஓர் ஓடாவி, கதவுக்குப் பூ வெட்ட ஒரு சிறிய சி.என்.சி. (கணினி எண் கட்டுப்பாட்டு) இயந்திரத்தைத் தன் பட்டறையில் பூட்டினால், அதை நடத்தக்கூடிய ஆர்டுயினோ ஊனோ போர்டுக்கு அதில் சரிபாதிதான், 2 கிலோபைட்! உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பலகைக்குள் 'கிரபிள்' என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் போதும். 2009இல் நோர்வே நாட்டவரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் அதை எழுதத் தொடங்கினார். அந்த மென்பொருள் மூன்று திசைகளிலும் மோட்டர்களை ஒரே நேரத்தில் ஓட்டி, வளைவை வளைவாகவே வெட்டித் தரும்.

அது ஒரு வினாடிக்கு எத்தனை கட்டளைத் துடிப்புகளை அனுப்பும் தெரியுமா? 30,000 வரை! கணக்கைப் பாருங்கள். சாதாரண ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். மோட்டருக்குக் கரண்டை ஊட்டும் டிரைவர் ஒவ்வொரு படியையும் 16ஆகப் பிரித்தால் 3,200 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகுத்தண்டு என்றால், ஒரு மில்லிமீற்றருக்கு 640 துடிப்பு. அப்படியானால் ஒரு துடிப்புக்கு இயந்திரம் நகர்வது ஒன்றரை மைக்ரோனுக்குச் சற்று மேல். நம் தலைமயிரின் தடிப்போ எழுபது மைக்ரோன் அளவு! இவ்வளவு நுட்பம் சில ஆயிரம் ரூபாய்ப் பலகையில் கிடைக்கிற காலத்தில் வாழ்கிறோம்.

ஆனால் இந்தக் கெட்டிக்காரப் பலகையின் ஒரு காலால் எவ்வளவு மின்னோட்டம் தாங்க முடியும்? உச்சமே 40 மில்லி அம்பியர். ஒரு சாதாரண ரிலேயின் சுருளை நேரடியாக இழுக்கக்கூட அது போதாது. பக்கத்தில் ஓடுவதோ 230 வோல்ட் கரண்ட். அந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. பலகையின் மூளையைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் உண்டு. உயிரைக் காப்பதும் பலகையைக் காப்பதும் வயரிங்தான் என்பதைத்தான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கதை. முதல் எண் கட்டுப்பாட்டு இயந்திரம் எதற்காகப் பிறந்தது தெரியுமா? ஹெலிகொப்டர் இறக்கைக்காக! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜோன் பார்சன்ஸ் இறக்கையின் வளைவைத் துல்லியமாக வெட்ட வழி தேடினார். துளையட்டைக் கணிப்பொறியில் புள்ளிகளின் அளவுகளைக் கணக்கிட்டெடுத்தார்கள். ஒருவர் எண்களை உரக்க வாசிக்க, இருவர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தைச் சுழற்றி வெட்டினார்கள். மனிதக் குரலில் ஓடிய சி.என்.சி. அது! பிறகு எம்.ஐ.டி. ஆய்வகம் அந்தக் கைகளுக்குப் பதில் மோட்டர்களைப் பூட்டி, துளையிட்ட நாடாவை வாசிக்கும் இயந்திரத்தை 1952இல் உலகத்துக்குக் காட்டியது. துளையில் கட்டளை எழுதும் யோசனை எங்கிருந்து வந்தது? தறியிலிருந்து. பிரான்சில் 1800களின் தொடக்கத்தில் ஜக்கார்ட் செய்த தறி, துளையட்டையைப் பார்த்துப் பூ நெய்தது. கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனைக் கைத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த உறவு பெருமை தரட்டும். சி.என்.சி.யின் மூதாதை நெசவுத் தொழில்தான்!

சரி, தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். மஞ்சள் பின்னணியில் காளான் மாதிரி நிற்கும் அந்த அவசர நிறுத்தப் பொத்தானை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது? மின்சாரம் இணைகிறது என்று நினைப்போர் அதிகம். உண்மை நேர் எதிர்! அந்தச் சுற்று சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும், கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அமுக்கினால் அறுகிறது. ஏன் அப்படி? எலி வயரைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது, உப்புக்காற்றில் இணைப்பு கறள் பிடித்துவிட்டது என்று வையுங்கள். அமுக்கினால் இணையும் வகைப் பொத்தானாக இருந்தால், வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்து வந்து பாய்ந்து அமுக்கும் அந்த ஒரு நொடியில்தான் அது வேலை செய்யவில்லை என்று தெரியவரும். மூடிய சுற்றாக இருந்தாலோ, வயர் அறுந்த கணமே இயந்திரம் நின்றுவிடும். பழுது தானாகவே பாதுகாப்பாக மாறுகிறது! எந்த மூளையும் இல்லாமல், ஒரு செப்புக் கம்பியை எப்படி இணைத்தோம் என்பதை மட்டும் வைத்தே இதைச் சாதித்திருக்கிறார்கள். எனக்கு இதைவிட அழகான பொறியியல் யோசனை தெரியாது.

இன்னொன்று. அந்தப் பொத்தானைப் போர்டில் மட்டும் செருகிவிட்டால் போதுமா? போதவே போதாது. போர்டு உறைந்துபோயிருந்தால் அது யார் சொன்னதையும் கேட்காது. பொத்தான் கொன்டாக்டர் என்ற மின்காந்தச் சுவிட்சின் சுருளுக்குப் போகும் கரண்டை அறுக்க வேண்டும். அந்தக் கொன்டாக்டர் மோட்டருக்கும், வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் போகிற கரண்டையே அறுக்க வேண்டும். போர்டுக்கும் செய்தி போகட்டும், நல்லதுதான். ஆனால் அதனிடம் அனுமதி கேட்கக்கூடாது. இதையும் மறக்கவேண்டாம்: கரண்ட் போனாலும் சுழன்றுகொண்டிருக்கும் ஸ்பிண்டில் உடனே நிற்காது. நிற்கும்வரை கையைத் தள்ளியே வைத்திருங்கள்.

கொன்டாக்டர் என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் மார்ச் முடிவில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நிறுத்தப்பட்டது. கரண்ட் போன நேரத்தில் ஓடாவி பிளேடை மாற்றக் கையை உள்ளே விட்டிருக்க, சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் திரும்பினால் என்ன ஆகும்? இதைத் தடுக்கும் வழி எத்தனை எளிது தெரியுமா? கொன்டாக்டரில் ஓர் உபரித் தொடுப்பு இருக்கும். பச்சைப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் கொன்டாக்டர் இழுத்து, தன் சொந்தத் தொடுப்பு வழியாகவே தன் சுருளுக்குக் கரண்டை எடுத்துக்கொண்டு நிற்கும். கரண்ட் ஒரு கணம் போனாலும் விழுந்துவிடும். கரண்ட் திரும்பினாலும் அது தானாக எழும்பாது. மறுபடி மனிதக் கை வந்து பச்சையை அமுக்க வேண்டும்! கொம்பியூட்டர் இல்லை, மென்பொருள் இல்லை, நாலு வயரும் ஒரு காந்தமும்தான். மரம் அறுக்கும், இழைக்கும் எந்த இயந்திரத்துக்கும் இதைப் பூட்டலாம். இது இல்லாத இயந்திரத்தை வாங்கியிருந்தால் வயர்மேனைக் கூப்பிட்டு முதலில் இதைப் போடச் சொல்லுங்கள்.

வயரின் நிறம் பேசும் என்பது தெரியும். அதே நிறம் இரண்டு காலத்தில் இரண்டு விதமாகப் பேசும் என்பது தெரியுமா? பழைய முறையில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். மூன்று பேஸ் இணைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ். புதிய முறையில் கபில நிறம் லைவ், நீலம் நியூட்ரல். மூன்று பேஸ் என்றால் கபிலம், கறுப்பு, சாம்பல் மூன்றும் லைவ். கவனித்தீர்களா? அன்றைக்கு லைவாக இருந்த நீலம் இன்றைக்கு நியூட்ரல். அன்றைக்கு நியூட்ரலாக இருந்த கறுப்பு இன்றைக்கு லைவ்! பழைய கட்டடத்துக்குள் புதிய இயந்திரம் வந்து இறங்கும்போது இரண்டு முறைகளும் ஒரே பெட்டியில் சந்திக்கின்றன. நிறத்தை நம்பாமல் மீற்றரை வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

13 அம்பியர் பிளக்கின் எர்த் கால் ஏன் மற்ற இரண்டையும்விட நீளம்? அதுதான் முதலில் போய்த் தொட வேண்டும், கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: உள்ளே போகும்போது லைவ், நியூட்ரல் துளைகளை மறைத்திருக்கும் மூடியைத் திறந்துவிடுவது அந்த எர்த் கால்தான்! 1940களில் பிரித்தானியாவில் இதை வடிவமைத்த குழுவில் கரோலின் ஹாஸ்லெட் என்ற பெண் பொறியியலாளரும் இருந்தார். வீட்டுப் பிள்ளைகள் கம்பியை விட்டுச் சொக் வாங்கக்கூடாது என்பது அந்த வடிவமைப்பின் நோக்கங்களில் ஒன்று. இத்தனை யோசித்துச் செய்ததை நாம் என்ன செய்கிறோம்? பேனை மூடியை எர்த் துளைக்குள் குத்தி மூடியைத் திறந்து, இரட்டைக் கால் பிளக்கைத் திணிக்கிறோம். ரேடியோவுக்கே அது கூடாது. இரும்புச் சட்டமுள்ள சி.என்.சி.க்கு அது உயிராபத்து.

"காக்கா, மெஷின்ல கை வச்சா லேசா சொக் அடிக்குது" என்று பையன் சொன்னால், "லேசுதானே தம்பி" என்று விட்டுவிடாதீர்கள். அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் வயர் இல்லாவிட்டால் அவை இயந்திரத்தின் உடம்பை லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், ஏறக்குறைய 115 வோல்டில் மிதக்கவிடும்! அதில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் இன்றைக்குக் கூச்சம் மட்டும்தான். உள்ளே ஒரு லைவ் வயர் தேய்ந்து சட்டத்தைத் தொடுகிற நாளில் அது கூச்சமாக இருக்காது. அந்த 'லேசான சொக்' எர்த் இல்லை என்று இயந்திரம் முன்கூட்டியே சொல்லும் செய்தி.

ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி அம்பியருக்கு விழும்? வீட்டில் உள்ளது பெரும்பாலும் 30. லைவில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். அவ்வளவு கசிந்தால் 0.3 வினாடிக்குள் அறுத்துவிடும். ஒரு மனித இதயத்தை நிறுத்த 100 மில்லி அம்பியர்கூடத் தேவையில்லை என்பதை வைத்துப் பார்த்தால் அந்த 30 எவ்வளவு பெரிய கருணை! ஸ்பிண்டிலை ஓட்டும் இன்வேட்டரைப் பூட்டியதும் ட்ரிப் அடிக்கடி விழுவதுண்டு. இன்வேட்டரின் வடிகட்டி இயல்பாகவே கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடுவதால் இது நடக்கலாம். உண்மையான பழுதாகவும் இருக்கலாம். அதற்காக எர்த் வயரைக் கழற்றிவிடுவதும், ட்ரிப்பைத் தாண்டி இணைப்பு எடுப்பதும் கொலைக்குச் சமம். இன்வேட்டருக்குப் பொருத்தமான வகை ட்ரிப் சுவிட்சுகள் உண்டு. மின் வேலை படித்தவரைக் கேட்டு, தனி லைனில் போடுங்கள்.

அந்த இன்வேட்டரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 50 ஹேட்ஸில் வரும் கரண்டை 400 ஹேட்ஸாக்கி, இருமுனை ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 24,000 தடவை சுழற்றுகிறது! எப்படி? முதலில் 230 வோல்ட் ஏ.சி.யை ஏறக்குறைய 325 வோல்ட் டி.சி.யாக்கிப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்குகிறது. பிறகு அதை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி மோட்டருக்கு ஊட்டுகிறது. இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த 325 வோல்ட் நிமிடக்கணக்கில் உள்ளே தங்கியிருக்கும். விளக்கு அணைந்துவிட்டது என்று உடனே மூடியைத் திறக்காதீர்கள். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, மீற்றரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மற்றது, அந்த வெட்டு வேகம் சுற்றுவட்டாரம் முழுக்க மின் இரைச்சலைக் கொட்டும். பாதி வேலையில் இயந்திரம் காரணமில்லாமல் நின்றால், யூ.எஸ்.பி. தொடர்பு அறுந்தால், முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இரைச்சலுக்கு மருந்து கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லேதான்! இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று 1881இலேயே அவர் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்றைக்கு நெட்வேர்க் கேபிளுக்குள் இருப்பது அந்த முறுக்குத்தான். இயந்திரம் ஓட்டத்தின் விளிம்பைத் தொட்டால் போர்டுக்குச் சொல்லும் எல்லை சுவிட்சுகளுக்கு அதே முறுக்கிய வயரைப் போடுங்கள். ஸ்பிண்டில் வயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், ஷீல்டு எர்த்தோடு சேரட்டும். இரண்டையும் ஒரே குழாய்க்குள் படுக்கவைக்காதீர்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் நேர்க்கோணத்தில் குறுக்கிடட்டும். எல்லை சுவிட்சையும் சிவப்புப் பொத்தான் மாதிரியே மூடிய சுற்றாகவே இணையுங்கள். அறுந்தால் நிற்கும் என்ற பயனோடு, இரைச்சலுக்கும் அது எளிதில் ஏமாறாது.

இரண்டு சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமலே பேசிக்கொள்ள முடியுமா? முடியும், வெளிச்சத்தால்! ஒப்டோகப்ளர் என்ற அரிசி மணியைவிடச் சற்றே பெரிய சில்லுக்குள் ஒரு பக்கம் எல்.ஈ.டி., மறுபக்கம் அதைப் பார்க்கும் ஒரு கண். நடுவில் உலோகத் தொடர்பே கிடையாது. பரவலாகக் கிடைக்கும் பி.சி. 817 வகை 5,000 வோல்ட் வரை தடுத்து நிற்கும். மலிவான சாமான்! மோட்டர் டிரைவர்களின் உள்ளீட்டில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

இன்னொரு தொல்லை ரிலே. 12 வோல்ட் சுருள்தானே என்று நினைக்கவேண்டாம். கரண்டை நிறுத்தும் கணத்தில் அது நூற்றுக்கணக்கான வோல்டை எதிர்த்துத் துப்பும். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பற்றரியிலிருந்து பிளக்கில் பொறி பறப்பதும் இதே விதியால்தான். சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோட் போட்டால் அந்தப் பாய்ச்சல் சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். ஸ்டெப்பர் மோட்டரும் சுருள்தான் என்பதால், கரண்ட் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றினால் டிரைவர் அந்த இடத்திலேயே செத்துப்போகலாம். மோட்டர் வயர் வேலையா, முழுக் கரண்டையும் நிறுத்துங்கள்.

ஸ்டெப்பர் மோட்டரின் நாலு வயரில் எந்த இரண்டு ஒரே சுருள் என்று மீற்றர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம், தெரியுமா? எதிலும் இணைக்காத மோட்டரின் தண்டைக் கையால் சுழற்றுங்கள், லேசாகச் சுழலும். இரண்டு வயரின் முனைகளைத் தொடவைத்து மறுபடி சுழற்றுங்கள். இறுகினால் அவை ஒரு சோடி! நீங்கள் சுழற்ற, மோட்டரே மின்சாரம் பிறப்பித்துத் தன்னைத்தானே பிரேக் போட்டுக்கொள்கிறது. பூட்டிய இயந்திரத்தைக் கையால் வேகமாகத் தள்ளினால் டிரைவருக்குள் பாய்வதும் அந்தக் கரண்டுதான். மெதுவாகத் தள்ளுங்கள்.

ஸ்க்ரூவில் இறுக்கும் வயர் நுனிக்கு ஈயம் பூசினால் பலமா? பலவீனம்! ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசிந்து விலகும். ஸ்க்ரூ தளரும், இணைப்புச் சூடேறும், கருகும். நுனிக்கு ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயை மாட்டி நசுக்கி இறுக்குவதுதான் முறை.

மரத்தூள் உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாய்க்குள் தூள் உரசி ஓடும்போது நிலைமின் சேரும். விரலில் பொறி உணர மூவாயிரம் வோல்ட் அளவு வேண்டும்; நாம் உணரவே உணராத சில நூறு வோல்ட் போர்டின் சில்லைக் கெடுக்கப் போதும். குழாயோடு ஒரு வெற்றுச் செப்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் சேருங்கள். போர்டைத் தொடுமுன் எர்த் உள்ள இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடுங்கள்.

மாரிக்கு முன்னால், ஐப்பசி கார்த்திகையில், எங்கள் பக்கத்து இடி எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சர்ஜ் காப்பானுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? நாக ஒட்சைட்டுத் துகள்களால் ஆன ஒரு வில்லை. ஜப்பானில் 1960களின் கடைசியில் கண்டது. சாதாரண வோல்டில் கரண்டைக் கடத்தவே கடத்தாது. வோல்ட் பாய்ந்து ஏறினால் நொடியின் கோடியில் சில பங்குக்குள் கடத்தியாக மாறி, வெள்ளத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும். எர்த் சரியில்லையென்றால்? திருப்பிவிட இடமே இல்லை. நேரடி இடி விழுந்தால் இதுவும் தாங்காது. இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையும் யூ.எஸ்.பி. வயரையும் கழற்றிவிடுவதே நிச்சயமான காப்பு.

இனி முதல் தடவை கரண்ட் கொடுக்கும் நாள். சில பவர் சப்ளைகளின் பக்கவாட்டில் 110, 220 என்று ஒரு சிறிய சுவிட்ச் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது 110இல் இருக்கும்போது நம் 230ஐக் கொடுத்தால் ஒரு வெடிச்சத்தத்தோடு சப்ளை போய்விடும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு சப்ளைக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, வரும் வோல்டையும் நேர், எதிர் முனைகளையும் மீற்றரில் அளந்து பாருங்கள். நிறுத்துங்கள். போர்டைச் சேருங்கள். மறுபடி நிறுத்தி டிரைவர், அதன் மின்னோட்டத்தைக் குறைத்து வைத்தபடி. பிறகு ஒரு மோட்டர். பிறகு மற்றவை. ஸ்பிண்டில் கடைசி, அதுவும் பிட் இல்லாமல்.

இதையெல்லாம் கற்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வாப்பாவின் ஓடாவிப் பட்டறையில் உளி பிடித்துப் பழகிய பிள்ளைகள் அங்கே போய் மீற்றர் பிடிக்கவும் பழகட்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையை மட்டும் தகுதியுள்ள வயர்மேனிடமே விடுங்கள். எல்லாம் பூட்டி முடிந்ததும், முதல் மரப்பலகையை வைப்பதற்கு முன்னால், மோட்டர் ஓடும்போதே சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். பிறகு கரண்டை முழுக்க நிறுத்தி, அதன் வயர் ஒன்றைக் கழற்றி விலக்கி வையுங்கள். மறுபடி கரண்ட் கொடுத்துப் பச்சையை அமுக்குங்கள். இயந்திரம் எழும்பினால் இணைப்புப் பிழை, அன்றைக்கு எதையும் வெட்டாதீர்கள்.